தத்துவத்தை வரையறுக்க முடியுமா?

"தத்துவம் என்றால் என்ன? நூலுக்கு நூல் வேறு விளக்கம் சொல்கிறார்கள். தத்துவவாதிகளுக்கே தங்கள் துறை எதுவென்று உடன்பாடு இல்லை என்றால் அதை ஒரு துறை என்று எப்படி ஏற்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டாம் கேள்விதான் கூர்மையானது. அதற்கு விடை சொல்லப் புகுந்தால் முதல் கேள்விக்கான விடையும் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

வேதியியல் என்றால் என்ன என்று ஒரு வேதியியலாளரிடம் கேட்டால், அவர் பொதுவாக ஏதாவது சொல்லிவிட்டுத் தம் ஆய்வகத்துக்குத் திரும்பிவிடுவார். அவர் சொன்ன விடை சரியாக இருந்தாலும் பிழையாக இருந்தாலும் அவருடைய ஆய்வு மாறப்போவதில்லை. அந்தக் கேள்வி வேதியியலைப் பற்றிய கேள்வியே தவிர வேதியியல் கேள்வி அல்ல. எந்தச் சோதனைக் குழாயும் அதற்கு விடை தராது. தத்துவத்தின் நிலை வேறு. 'தத்துவம் என்றால் என்ன' என்பது வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போகிற அறிமுகக் கேள்வி அல்ல. அறிவு என்றால் என்ன, நீதி என்றால் என்ன, காலம் என்றால் என்ன என்ற வரிசையில் அதுவும் உள்ளேயே கேட்கப்படும் ஒரு கேள்வி. மற்றவற்றில் கருத்து வேறுபாடு இருக்கும்போது இதில் மட்டும் இல்லாமல் இருந்தால்தான் வியப்பு. அதற்காக, 'வரையறுக்கவே முடியாது, அனுபவித்துத்தான் உணர வேண்டும்' என்று கைவிரித்துவிடுவதையும் நான் ஏற்கவில்லை. சில வரையறைகள் மற்றவற்றைவிட மோசமானவை என்று காட்ட முடியும். ஏன் மோசமானவை என்றும் காட்ட முடியும். அப்படிக் காட்டுவதற்கு நம் தர்க்க மரபில் தயாராக ஒரு சோதனை இருக்கிறது.

17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அன்னம்பட்டரின் தர்க்கசங்கிரகமும், அதற்கு அவரே எழுதிய தீபிகை என்னும் உரையும், நியாயம் என்னும் தர்க்க சாத்திரம் படிக்க வருகிறவர்களுக்கு இன்றளவும் தொடக்கப் பாடம். ஒரு வரையறையில் மூன்று குற்றங்கள் நேரலாம் என்கிறது அந்த மரபு. எடுத்துக்காட்டுக்குப் பசுவை வைத்துக்கொள்கிறார்கள். கபில நிறமுடையது பசு என்று வரையறுத்தால் வெள்ளைப் பசுவும் கறுப்புப் பசுவும் வெளியே நின்றுவிடும். வரையறை குறுகிப்போன இந்தக் குற்றத்துக்கு அவ்வியாத்தி என்று பெயர். கொம்புடையது பசு என்றால் எருமையும் ஆடும் உள்ளே வந்துவிடும், அது அதிவியாத்தி. ஒற்றைக் குளம்புடையது பசு என்றால் ஒரு பசுவுக்குக்கூடப் பொருந்தாது, ஏனென்றால் பசுவின் குளம்பு பிளவுபட்டது, அது அசம்பவம். இவை மூன்றும் இல்லாத அடையாளமாகக் கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடியைச் சொல்வது வழக்கம். அலைதாடி வேறு சில விலங்குகளுக்கும் உண்டே என்று விலங்கியல் படித்தவர் மறுக்கலாம். அவர் பயன்படுத்துவதும் இதே சோதனையைத்தான்.

இந்தச் சோதனையை வைத்துக்கொண்டு, வழக்கில் இருக்கும் வரையறைகளைப் பார்ப்போம்.

'ஞானத்தின் மீதான காதல்' என்பது கிரேக்கப் பெயருக்கான விளக்கம். அது அந்தத் துறையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்வதில்லை என்பதால் அதைக் கடந்து போய்விடலாம். 'உண்மையைத் தேடுவது தத்துவம்' என்பது வெளிப்படையான அதிவியாத்தி. வழக்கை விசாரிக்கும் நீதிபதியும், காய்ச்சலுக்குக் காரணம் தேடும் மருத்துவரும், திருட்டைத் துப்புத்துலக்கும் காவலரும் உண்மையைத்தான் தேடுகிறார்கள்.

நம் பேச்சு வழக்கில் மிகுதியாக இருப்பது 'வாழ்க்கையைப் பற்றிய பார்வையே தத்துவம்' என்பது. 'என் தத்துவம் இதுதான்' என்று ஒருவர் சொல்லும்போதும், 'தத்துவம் பேசாதே' என்று இன்னொருவர் அலுத்துக்கொள்ளும்போதும் இந்தப் பொருளே மனத்தில் இருக்கிறது. ஆனால் வாழ்க்கையைப் பற்றி ஏதாவது ஒரு பார்வை இல்லாத மனிதர் இல்லை. பெற்றோரிடமிருந்தோ ஊரிலிருந்தோ சமயத்திலிருந்தோ அது வந்து சேர்ந்துவிடுகிறது. பார்வை ஒன்றை வைத்திருப்பது வேறு. அந்தப் பார்வையை எடுத்து மேசைமேல் வைத்து, இதை ஏன் நான் நம்ப வேண்டும் என்று கேட்பது வேறு. முன்னதைத் தத்துவம் என்று அழைத்தால் உலகில் எல்லோரும் எப்போதும் தத்துவவாதிகளே என்றாகி, அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லாமல் போய்விடும்.

பேசுபொருளை வைத்து வரையறுப்பவர்கள் அடுத்த வகை. கடவுள், உயிர், உலகு ஆகியவற்றைப் பற்றிய ஆராய்ச்சி தத்துவம் என்பார்கள். சைவ சித்தாந்தத்தின் பதி (இறைவன்), பசு (இங்கே உயிர்), பாசம் (உயிரைப் பிணைக்கும் தளை) என்ற முப்பொருள் பகுப்பை மனத்தில் வைத்துப் பேசுகிறவர்களுக்கு இது இயல்பாகவே வரும். இதில் குறையும் உண்டு, மிகையும் உண்டு. தர்க்கமும், அறிவைப் பற்றிய ஆராய்ச்சியும், மொழியைப் பற்றிய ஆராய்ச்சியும் இந்தப் பட்டியலில் அடங்கவில்லை. மறுபுறம், உலகை ஆராய்வது இயற்பியலின் வேலையும் ஆயிற்றே.

பேசுபொருள் பட்டியல் ஏன் நிலைக்காது என்பதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. நியூட்டன் 1687இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் இருப்பது 'இயற்கைத் தத்துவத்தின் கணிதக் கோட்பாடுகள்' என்பது. இயற்பியல் என்று நாம் சொல்வதை அவர் தத்துவம் என்றே அழைத்தார். 1776இல் 'நாடுகளின் செல்வம்' எழுதிப் பொருளியலுக்கு அடித்தளமிட்ட ஆடம் ஸ்மித், கிளாஸ்கோவில் அறத் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். மனம் பற்றிய கேள்விகள் நெடுங்காலம் தத்துவத்தின் சொத்தாக இருந்து, 1879இல் வில்ஹெல்ம் வுண்ட் லைப்சிக்கில் ஆய்வகம் தொடங்கிய பிறகு உளவியல் என்ற தனிவீட்டுக்குக் குடிபோயின. இதைக் கவனித்த பெர்ட்ரண்ட் ரசல், ஒரு பொருளைப் பற்றி உறுதியான அறிவு சாத்தியமானவுடன் அது தத்துவம் என்ற பெயரை இழந்து தனி அறிவியலாகிவிடுகிறது என்று 1912இல் எழுதினார்.

ரசல் சொன்னதைப் பலரும் தத்துவத்தின் வரையறையாகவே எடுத்துக்கொள்கிறார்கள்: இன்னும் விடை கிடைக்காத கேள்விகளின் கிடங்கு அது, விடை கிடைத்தவை வெளியேறிக்கொண்டே இருக்கும், கடைசியில் கிடங்கு காலியாகும் என்று. இது பாதி உண்மைதான். புற்றுநோயைப் பற்றியும் கரும்பொருளைப் பற்றியும் விடை கிடைக்காத கேள்விகள் எத்தனையோ உண்டு. அவற்றை யாரும் தத்துவக் கேள்விகள் என்பதில்லை. ஆகவே விடை கிடைக்காமை மட்டும் ஒரு கேள்வியைத் தத்துவக் கேள்வி ஆக்கிவிடாது. எப்படிப்பட்ட விடை வேண்டும், எதை விடையாக ஏற்கலாம் என்பதே தெளிவாகாமல் இருக்கிறதா என்பதுதான் வேறுபாடு. இதை அருவமாகச் சொல்வதைவிட ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு பார்ப்பது நல்லது.

நாம் எல்லோரும் பள்ளியில் மனப்பாடம் செய்த குறள் இது: "வாய்மை எனப்படுவது யாதெனின் யாதொன்றும் தீமை இலாத சொலல்." குறளின் அமைப்பைப் பாருங்கள். 'யாதெனின்' என்று வள்ளுவர் தாமே கேள்வி எழுப்பி, வரையறை ஒன்றைத் தருகிறார். அறிவுரையாக மட்டும் படித்தால் தலையசைத்துவிட்டுப் போய்விடுவோம். வரையறை என்று மதித்துப் படித்தால், அன்னம்பட்டரின் சோதனைக்கு அதை உட்படுத்த வேண்டும்.

உட்படுத்தினால் உடனே இரண்டு தடைகள் வருகின்றன. கொலை ஒன்றைக் கண்ணால் கண்டவர் நீதிமன்றத்தில் கண்டதைக் கண்டபடி சொல்கிறார். குற்றவாளிக்குத் தண்டனை கிடைக்கிறது. அந்தச் சொல்லால் ஒருவருக்குத் தீமை விளைந்தது. அப்படியானால் அது வாய்மை இல்லையா? இது குறையின்பாற்பட்ட தடை. இன்னொன்று, சாப்பிட மறுக்கும் குழந்தையிடம் நிலா இறங்கி வந்து சோறு கேட்கும் என்று தாய் சொல்கிறாள்; யாருக்கும் ஒரு கேடும் இல்லை. அப்படியானால் அது வாய்மையா? இது மிகையின்பாற்பட்ட தடை. வாய்மை என்பது நிகழ்ந்ததை நிகழ்ந்தபடி சொல்வது என்று வைத்துக்கொண்டால் இந்த இரண்டு தொல்லைகளும் வந்திருக்காதே என்று தோன்றும்.

ஆனால் பரிமேலழகர் இந்த இடத்தில் அயர்ந்துவிடவில்லை. நிகழ்ந்தது கூறுவதே வாய்மை என்ற கருத்தை இந்தக் குறள் விலக்குகிறது என்று அவர் தெளிவாகவே உரை எழுதுகிறார். நிகழ்ந்ததைச் சொல்வதும் தீங்கு பயக்காதபோதுதான் மெய்ம்மை, பயந்தால் பொய்ம்மை என்பது அவர் காணும் கருத்து. ஆக, வள்ளுவர் கவனக்குறைவாகத் தவறவிட்ட ஒன்றை நாம் கண்டுபிடித்துவிட்டோம் என்று மகிழ இடமில்லை. நாம் மாற்றாக வைத்த வரையறையை அறிந்தே ஒதுக்கிய ஒரு நிலைப்பாடு இது. அடுத்த குறள் இன்னும் ஒரு படி மேலே போய், குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்கிறது.

சாட்சி சொன்னவரின் கதை என்ன ஆயிற்று? கொலையிற் கொடியாரை அரசன் ஒறுப்பது, பயிரைக் காக்கக் களை எடுப்பதற்கு நிகர் என்று செங்கோன்மை அதிகாரத்தில் இன்னொரு குறள் இருக்கிறது. வள்ளுவர் கணக்கில் அந்தத் தண்டனை தீமையே அல்ல என்று இதை வைத்து ஒருவர் வாதிடலாம். அப்போது முதல் தடை விழுந்துவிடுகிறது. விழுந்தாலும் கேள்வி தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது. எது தீமை, யாருக்கு நேர்ந்தால் அது கணக்கில் வரும், எவ்வளவு காலம் கழித்து வரும் விளைவுவரை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பவற்றை முடிவு செய்யாமல் வாய்மையை முடிவு செய்ய முடியாது என்று இப்போது தெரிகிறது. குழந்தையின் நிலாவுக்கு என்ன விடை என்பதை நான் இங்கே எழுதவில்லை. விளையாட்டாகச் சொல்வது கூற்று என்று கொள்ளத்தக்கதா என்ற இடத்திலிருந்து நீங்களே தொடங்கலாம்.

எதிர்த்தரப்பில் மிக உறுதியாக நின்றவர் ஜெர்மானியத் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட். கொலைகாரன் ஒருவன் வாசலில் வந்து, உன் வீட்டில் ஒளிந்திருக்கும் நண்பன் எங்கே என்று கேட்டால் அப்போதும் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். உண்மை பேசும் கடமை விளைவைப் பொறுத்து ஏறி இறங்கினால் அது கடமையே அல்ல என்பது அவர் பக்கம். நம்மில் பெரும்பாலோர் உடனே வள்ளுவர் பக்கம் சாய்வோம். சாய்வது எளிது. தீமை விளையாது என்று முன்கூட்டியே கணிக்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிட்டால், ஒருவர் சொல்லை இன்னொருவர் எதை வைத்து நம்புவது என்ற காண்டின் கவலைக்கு விடை சொல்வதுதான் கடினம்.

இந்த வழக்கை எதைக் கொண்டு தீர்ப்பது? ஆயிரம் பேரிடம் கருத்துக்கணிப்பு எடுத்தால் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது தெரியுமே தவிர, நினைப்பது சரியா என்பது தெரியாது. ஆய்வகத்தில் அளக்க இதில் ஒன்றும் இல்லை. அகராதியைப் புரட்டினால் சொல்லின் வழக்கு கிடைக்கும்; வழக்கைத் திருத்த வந்த ஒருவரை வழக்கைக் காட்டி மறுக்க முடியாது. அதே நேரம் இது அவரவர் விருப்பத்தைப் பொறுத்த விஷயமும் அல்ல, ஏனென்றால் மேலே சில பத்திகளுக்குள்ளேயே ஒரு தடை பலவீனமானது என்றும், அது எங்கே பலவீனமானது என்றும், அதைத் தாண்ட என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்றும் பார்த்துவிட்டோம். காரணங்களுக்கு வலுவேறுபாடு இருக்கிறது. ஆனால் அந்த வலுவை நிறுத்துப் பார்க்கும் தராசு வெளியிலிருந்து கிடைப்பதில்லை. தத்துவக் கேள்வி ஒன்றின் இயல்பு என்று நான் சொல்ல வருவது இதைத்தான்.

அறத்தில் மட்டும்தான் இப்படியா என்றால் இல்லை. புகையைக் கண்டு நெருப்பு உண்டு என்று ஊகிக்கிறோம். புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்பது உனக்கு எப்படித் தெரியும் என்று பொருள்முதல்வாதிகளான சார்வாகர் கேட்டதாக, 14ஆம் நூற்றாண்டில் மாதவர் தொகுத்த சர்வதரிசனசங்கிரகத்தின் முதல் இயல் பதிவு செய்கிறது. கண்ணால் கண்டு தெரிந்துகொண்டேன் என்றால், இனி வரப்போகும் புகைகளையும் தொலைவிலுள்ள புகைகளையும் நீ கண்டதில்லை. ஊகித்துத் தெரிந்துகொண்டேன் என்றால், எதை நிறுவ வேண்டுமோ அதையே சான்றாகக் காட்டுகிறாய். ஸ்காட்லாந்தில் டேவிட் ஹியூம் 1739இலும் 1748இலும் வெளியான நூல்களில் வேறு வழியாக வந்து ஏறக்குறைய இதே முட்டுச்சந்தில் நிற்கிறார். இன்னும் கொஞ்சம் புகையைக் கவனித்துப் பார்த்தால் இந்தக் கேள்வி தீர்ந்துவிடாது, ஏனென்றால் கவனித்ததிலிருந்து கவனிக்காததற்குத் தாவுவது முறைதானா என்பதே கேள்வி. எல்லா அறிவியலும் அந்தத் தாவலை முறை என்று வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறது.

இந்த இரண்டையும் முன்னால் வைத்துக்கொண்டு, எனக்குத் தோன்றும் வரையறையைச் சொல்கிறேன். உலகை அறியும்போதும் வாழ்வை நடத்தும்போதும் நாம் கேள்வியின்றி எடுத்துக்கொண்டு நடக்கும் அடிப்படைக் கருத்துகளையும், எது சான்று எது சரி என்று தீர்மானிக்கப் பயன்படுத்தும் அளவுகோல்களையும், காரணம் கேட்டும் காரணம் காட்டியும், மறுப்புக்கு இடம் வைத்தும் ஆராய்வதே தத்துவம். பேசுபொருள் எதுவாகவும் இருக்கலாம். கேள்வி எந்த ஆழத்தில் கேட்கப்படுகிறது என்பதும் அது எப்படி நடத்தப்படுகிறது என்பதும்தான் அடையாளம். விட்கென்ஸ்டைன் 1921இல் தத்துவம் என்பது கொள்கைத் தொகுப்பு அல்ல, ஒரு செயல்பாடு என்று எழுதியதில் இந்தக் கருத்தின் ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் அந்தச் செயல்பாட்டை எண்ணங்களைத் தெளிவாக்குவது என்ற அளவோடு அவர் நிறுத்தியது போதாது. வள்ளுவருக்கும் காண்டுக்கும் இடையே இருப்பது தெளிவின்மை அல்ல. இருவரும் தெளிவாகவே இருக்கிறார்கள்.

என் வரையறையையும் பசுவோடு சேர்த்துக் கட்டிப்போட வேண்டியதுதான். முதலில் அறிவியலோடு எல்லை. இரண்டு நிகழ்ச்சிகள் 'ஒரே நேரத்தில்' நடந்தன என்றால் அதற்கு என்ன பொருள் என்று 1905இல் ஐன்ஸ்டைன் கேட்டார். அதுவரை இயற்பியல் அந்தக் கருத்தைக் கேள்வியின்றிப் பயன்படுத்தி வந்தது. என் வரையறைப்படி அந்த இடத்தில் அவர் தத்துவம் செய்தார் என்று சொல்ல வேண்டும், சொல்வதில் எனக்குத் தயக்கமும் இல்லை. ஹியூமைப் படித்தது தமக்கு உதவியது என்று அவரே சொல்லியிருக்கிறார். துறைப் பெயர்ப் பலகைகளுக்குக் குறுக்கே இந்த எல்லை ஓடுகிறது என்பதை ஒரு குறையாக நான் கருதவில்லை.

சமயத்தோடு உள்ள எல்லைதான் நம் சூழலில் அதிகம் குழப்பம் தருவது. மேற்கில் இருப்பது தத்துவம், இங்கே இருப்பது சமயம் என்று ஒரு சாரார் சொல்வார்கள்; இங்கே இரண்டும் பிரிக்க முடியாதவை, அதுவே நம் பெருமை என்று இன்னொரு சாரார் சொல்வார்கள். இரண்டு பேருமே நூல்களைத் திறந்து பார்த்தால் நன்றாக இருக்கும். மணிமேகலையில் 'சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதை' என்று ஒரு பகுதி இருக்கிறது. வஞ்சி நகரில் பல சமயத்தாரையும் மணிமேகலை சந்தித்து அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேச வருகிறவன் அளவைவாதி. அவன் கடவுளைப் பற்றித் தொடங்கவில்லை. அறிவு பெறும் வழிகள் எத்தனை என்று தொடங்கி, வேதவியாதர் பத்து என்றார், கிருதகோடி எட்டு என்றார், சைமினி ஆறு என்றார் என்று அடுக்குகிறான். அதே காப்பியத்தின் பிற்பகுதியில் அறவண அடிகள் காட்சி (நேரில் காண்பது), கருத்து (ஊகிப்பது) என்ற இரண்டே போதும் என்று பௌத்தர் பக்கத்தைச் சொல்கிறார். சார்வாகர் காட்சி ஒன்றையே ஒப்புக்கொண்டவர்கள். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில் பத்தையும் எண்ணிவிட்டு, காண்டல், கருதல், உரை (நம்பத்தக்க நூலின் சொல்) என்ற மூன்றில் எல்லாம் அடங்கும் என்கிறார். எதை அறிவு என்று ஏற்பது என்ற அளவுகோலைப் பற்றிய வழக்கு இது. இதைத் தத்துவம் என்று ஒப்புக்கொள்ளாதவர் கிரேக்கத்திலும் தத்துவம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

அதே சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளை ஆராயும் பரபக்கம் என்ற பகுதி, உலோகாயதர் (சார்வாகர்) தொடங்கிப் பதினான்கு தரப்புகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவர் கொள்கையையும் அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, பிறகு மறுக்கிறது. எதிராளியின் பக்கத்தை வலுவாகச் சொல்லிவிட்டு மறுப்பது என்ற ஒழுக்கம் இருக்கும்வரை அங்கே தத்துவம் நடக்கிறது. இதற்கு மேல் கேட்கக் கூடாது, ஆகமம் சொல்லிவிட்டது என்ற புள்ளி வரும்போது அது நின்றுவிடுகிறது. ஆகமம் ஏன் சான்றாகும் என்று வாதம் தொடர்ந்தால் மீண்டும் தொடங்கிவிடுகிறது. ஆகவே எல்லைக்கோடு ஒரு நூலுக்கும் இன்னொரு நூலுக்கும் நடுவே போடப்படுவதில்லை; ஒரே நூலுக்குள், சில நேரம் ஒரே பாடலுக்குள் அது ஓடுகிறது. கிரேக்கத்திலும் இப்படித்தான். தம் தந்தையின் மேலேயே கொலை வழக்குத் தொடுக்க வந்த யூத்திஃப்ரோவிடம், ஒன்று புனிதமாக இருப்பதால் தேவர்கள் அதை விரும்புகிறார்களா, தேவர்கள் விரும்புவதால்தான் அது புனிதமாகிறதா என்று சாக்ரடீஸ் கேட்பதாக பிளேட்டோ எழுதியிருக்கிறார். சாக்ரடீஸ் அப்போது நீதிமன்ற வாசலுக்கு வந்திருந்ததே தம்மேல் சுமத்தப்பட்ட தெய்வநிந்தனைக் குற்றச்சாட்டுக்காகத்தான். தேவர்கள் இல்லை என்று அவர் சொல்லவில்லை. தேவர்களின் விருப்பம் அறத்துக்கு அளவுகோல் ஆகுமா என்று மட்டுமே கேட்டார். அந்தக் கேள்வியை எந்தக் கடவுளை நம்புகிறவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளலாம்.

இலக்கியத்தோடு உள்ள எல்லையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரணத்தைப் பற்றிய ஓர் ஒப்பாரியோ நிலையாமையைப் பற்றிய ஒரு சித்தர் பாடலோ எந்தத் தத்துவக் கட்டுரையையும்விட ஆழமாக நம்மைத் தைக்கலாம். ஆழம் இருப்பதால் மட்டும் அது தத்துவம் ஆகிவிடாது. தத்துவம் அல்ல என்று சொல்வதால் அதன் மதிப்பு குறைந்துவிடவும் செய்யாது. தத்துவம் என்ற சொல்லை ஒரு பட்டம் போலக் கொடுக்கும் வழக்கத்தால் வரும் வம்பு இது. அதே வேளை, செய்யுள் வடிவில் இருப்பதால் வாதம் இருக்காது என்றும் எண்ண வேண்டாம். தின்பதற்காக உலகத்தார் கொல்லச் செய்யவில்லை என்றால் விலைக்கு ஊன் தருவாரும் இருக்கமாட்டார் என்ற புலால் மறுத்தல் குறள், நான் கொல்லவில்லை, வாங்கி மட்டுமே உண்கிறேன் என்பவருக்கு எதிரான வாதம். ஏழு சீர்களுக்குள் முழுமையான மறுப்பு.

உங்கள் இரண்டாம் கேள்வியில் இன்னொரு மனக்குறையும் மறைந்திருக்கிறது என்று நினைக்கிறேன்: இத்தனை நூற்றாண்டுகளாகியும் ஒன்றும் முடிவாகவில்லையே என்பது. முடிவாகாதது உண்மை, ஒன்றும் நகரவில்லை என்பது உண்மையல்ல. நம்பிக்கை உண்மையாகவும் இருந்து, அதற்குத் தக்க காரணமும் இருந்தால் அதுவே அறிவு என்ற விளக்கம் ஏறக்குறைய ஒப்புக்கொள்ளப்பட்ட ஒன்றாகவே இருந்து வந்தது. 1963இல் எட்மண்ட் கெட்டியர் மூன்று பக்கக் கட்டுரை ஒன்றில் இரண்டு எதிர்க்காட்டுகளைத் தந்தார். அவர் சொன்ன வகையில் ஓர் எளிய காட்சி: சுவர்க் கடிகாரம் மூன்று மணி காட்டுகிறது, அதைப் பார்த்து மணி மூன்று என்று நம்புகிறீர்கள், உண்மையிலேயே மணி மூன்றுதான், ஆனால் அந்தக் கடிகாரம் நேற்றே நின்றுவிட்டது. நம்பிக்கை இருக்கிறது, அது உண்மை, காரணமும் நியாயமானது; இருந்தும் உங்களுக்கு மணி தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பழைய விளக்கத்தை இனி யாரும் அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. எது அறிவு என்பது இன்னும் முடிவாகவில்லை, எது போதாது என்பது முடிவாகிவிட்டது. இந்தத் துறையின் முன்னேற்றம் பெரும்பாலும் இந்த வடிவில்தான் வருகிறது.

கடைசியாக, என் வரையறைக்கு எதிராக நானே வலுவானது என்று கருதும் மறுப்பைச் சொல்லிவிட வேண்டும். பழங்கால மரபுகள் பலவற்றில் தத்துவம் என்பது வாதம் செய்வதற்காக ஏற்பட்டதே அல்ல. வாழும் முறை அது. மனிதத் துன்பம் எதையும் ஆற்றாத தத்துவவாதியின் சொல் வெறுமையானது என்பது எபிகூரஸின் கூற்றாக வழங்குகிறது. அடிமையாக இருந்து பின்னர் ஆசிரியரான எபிக்டீடஸ், நூல்களை விளக்குவதை மட்டும் கற்றுக்கொண்டு அதன்படி நடக்காத மாணவர்களைக் கண்டித்தார். உலகம் நிலையானதா இல்லையா என்று கேட்ட மாலுங்கியபுத்தருக்குப் புத்தர் விடை சொல்லவில்லை. நச்சு அம்பு தைத்தவன், அம்பை எய்தவன் யார் எந்த ஊர் என்று தெரிந்த பிறகுதான் அதைப் பிடுங்க விடுவேன் என்று சொன்னால் செத்துப்போவான் என்றார். இவர்களை வெளியே நிறுத்தும் வரையறை, பசுவை விட்டுவிட்டுப் பசுவை வரையறுப்பது போல் ஆகாதா?

முழுவதும் வெளியே நிறுத்தவில்லை என்பது என் பதிலின் ஒரு பாதி. எந்தக் கேள்வியைக் கேட்பது பயனுள்ளது என்பதற்குப் புத்தர் காரணம் காட்டுகிறார், எது நம் கையில் இருக்கிறது எது இல்லை என்பதற்கு எபிக்டீடஸ் காரணம் காட்டுகிறார். அந்த அளவில் அவர்கள் உள்ளேயே இருக்கிறார்கள். மறு பாதி சற்றுக் கசப்பானது. காரணம் எதுவும் கேட்காமல், ஆசிரியர் காட்டிய வழியில் அமைதியாகவும் உயர்வாகவும் வாழ்ந்துவிட்டுப் போன ஒருவரை என் வரையறை தத்துவவாதி என்று ஏற்காது. அது அவ்வியாத்தியா என்றால், அப்படி வைத்துக்கொள்ளலாம். அந்த ஒருவருக்காகக் கதவைத் திறந்தால், கேள்வி கேட்காமல் எதையும் பின்பற்றுகிற எல்லோருக்கும் அதே கதவைத் திறந்தாக வேண்டும். அவர் பின்பற்றிய வழி உயர்ந்தது, மற்றவர்கள் பின்பற்றுவது தாழ்ந்தது என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், அதற்கு விடை சொல்ல மறுபடியும் காரணங்களிடம்தான் போக வேண்டியிருக்கும். இந்த இரண்டு குற்றங்களில் ஒன்று வேண்டும் என்றால் குறையையே நான் ஏற்றுக்கொள்கிறேன்.